அது அந்தக் கராஜ் பையன் செய்த பிழை அல்ல

 

பதிவு கொஞ்சம் நீளம். வாகனம் இல்லாதவர்கள் நடுவில் வரும் ஹோஸ் கதையைத் தாண்டிப் போகலாம். ஆனால் கடைசிப் பகுதியைத் தயவுசெய்து வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பாடசாலை இல்லை. எங்களில் இருவர் ஜும்ஆ முடிந்து வந்தோம், மூன்றாமவர் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் காத்திருந்தார். மூவரும் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது பின்மேசையில் ஒருவர் மற்றவருக்குப் புத்தி சொன்னார்.

"பசறை ரோட்டுல தகரக் கொட்டில்ல ஒரு பையன் கராஜ் வச்சிருக்கான் தானே, அங்க மட்டும் கொண்டு போக வாணாம். தண்ணி ஹோஸை மாத்திப் போட்டு, டீச்சர்மார் கார் ஒன்டுட இஞ்சினையே முடிச்சவன்."

அந்த டீச்சர்மார் நாங்கள்தான்.

திரும்பிப் பார்க்கவில்லை. மிச்ச பிளேன்டியைக் குடித்தோம், காசு கொடுத்தோம், வெளியே வந்தோம். வீதியில் நின்று எங்களில் ஒருவர் கேட்டார்: "நாங்க ஏன் ஒன்டும் பேசல்ல?" மற்ற இருவரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

2022 எல்லாருக்கும் நினைவிருக்கும். ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் ஆனது. ஜூலையில் கியூஆர் வந்தது. காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். பாடசாலைகள் முதலில் வாரத்தில் சில நாட்கள் மட்டும் திறந்தன. நாங்கள் மூவரும் பதுளையில் இருந்து பசறை வழியாக நமுனுகுல பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் போய் வருகிறவர்கள். காரின் புத்தகம் ஒருவர் பெயரில், பெற்றோல் மூவர் காசில். தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்த வெள்ளைக் கார், ஓட்டோ கியர். அந்த ஏற்றத்தில் லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர் ஓடினால் அல்ஹம்துலில்லாஹ் என்போம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது, 2025 பெப்ரவரி வரை திறக்கவும் இல்லை. புதியது வாங்குவது என்ற பேச்சே இல்லை. இருக்கிற காரை எப்படியாவது ஓட்டவேண்டும்.

அந்தக் காலத்தில் ஊரில் எத்தனை வைத்தியம்! பெற்றோல் குழாயில் காந்தம் கட்டினார்கள். டேங்கில் கற்பூர உருண்டை போட்டவரும் உண்டு. ஸ்பெயார் டயரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பிறகு தெமோதரைக்குக் கிட்ட காற்றுப் போய் நின்றவர் எங்கள் உறவினர்தான். எங்களுக்கு இந்த வைத்தியங்களில் நம்பிக்கை இல்லை. படித்தவர்கள் அல்லவா. எங்களுக்கு வந்தது படித்தவர்களுக்கான வைத்தியம். யாரோ ஒருவர் தெளிவாக விளக்கி, பொனட்டைத் திறந்து காட்டிய ஒரு வீடியோ. த்ரொட்டில் பொடி பைபாஸ்.

அது என்னவென்று சொல்லவேண்டும். பொனட்டைத் திறந்தால் எயார் ஃபில்டரில் இருந்து வரும் தடித்த குழாய் ஓர் அலுமினியத் துண்டில் போய் முட்டும். அதுதான் த்ரொட்டில் பொடி. உள்ளே பிளேன்டி கிளாஸின் அடி அளவில் ஒரு வட்டத் தட்டு. எக்ஸிலேட்டரை மிதித்தால் தட்டு திரும்பி, என்ஜினுக்குள் காற்றை விடும். அந்த அலுமினியத்தின் அடியில் விரல் தடிப்பில் இரண்டு ரப்பர் ஹோஸ் இருக்கும். ஒன்றால் என்ஜினைச் சுற்றிய கூலன்ட் 80, 90 பாகைச் சூட்டோடு உள்ளே வருகிறது, மற்றதால் திரும்பிப் போகிறது.

காற்றுப் போகும் இடத்துக்குச் சுடுதண்ணீர் எதற்கு? பனி நாடுகளுக்காக. பாதி திறந்த தட்டின் இடுக்கால் காற்று நெருக்கிப் போகும்போது அதன் அமுக்கம் குறைகிறது, வெப்பமும் இறங்குகிறது. வெளியில் ஏற்கெனவே பூச்சியத்துக்குக் கிட்டக் குளிர் என்றால், காற்றில் உள்ள ஈரம் தட்டின் விளிம்பில் உறைந்து பிடித்துவிடும். காலை எடுத்தாலும் தட்டு மூடாது. அதைத் தடுக்கத்தான் சூடு. காபரேட்டர் காலத்தில் இது இன்னும் பெரிய தலைவலி. பெற்றோலும் அதே இடத்தில் ஆவியாவதால் அந்த இடம் மேலும் குளிரும். பத்துப் பாகைக்கு மேலே இருக்கிற ஈரமான நாளில்கூட உள்ளே ஐஸ் பிடிக்கும். சின்ன விமானங்களில் காபரேட்டரைச் சூடாக்கவென்றே விமானிக்கு ஒரு கைப்பிடி இருப்பது இதனால்தான். ஹப்புத்தளை மூடுபனியில் அந்தக் காலத்துக் கார்கள் காரணமில்லாமல் இருமி நின்ற கதைகளை மூத்தவர்கள் சொல்வார்கள். அதில் சிலவற்றுக்காவது காரணம் இதுவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். இன்ஜெக்ஷன் கார்களில் பெற்றோல் தட்டைத் தாண்டி, வால்வுக்குக் கிட்டத்தான் தெளிக்கப்படுகிறது. ஆகவே அந்த ஆபத்து மிகக் குறைவு.

வீடியோக்காரர் சொன்னது இதுதான்: நம் நாட்டில் பனி விழுவதில்லை, பிறகு ஏன் இந்தச் சூடு? சூடான காற்று ஐதானது, குளிர்ந்த காற்று செறிவானது. இரண்டு ஹோஸையும் கழற்றி ஒன்றோடு ஒன்று பொருத்திவிட்டால் சுடுதண்ணீர் த்ரொட்டிலுக்குப் போகாமல் நேரே திரும்பிவிடும். காற்று குளிரும், பவர் கூடும், பெற்றோல் மிச்சம்.

முதல் பாதி சரி. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படிவது உண்டு, ஆனால் பதுளையிலும் பசறையிலும் த்ரொட்டிலில் ஐஸ் பிடிக்கும் என்று பயப்படத் தேவையில்லை. மற்றப் பாதியை நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கவேண்டும். எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பத்தாம் வகுப்புக் கணக்குத்தான். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஆசிரியர் அறையில் தாளில் போட்டோம்.

1500 சீசீ என்ஜின், 2000 ஆர்.பி.எம். த்ரொட்டில் பாதி மூடியிருக்கும்போது வினாடிக்குப் பன்னிரண்டு லீற்றர் அளவில் காற்று உள்ளே போகும். த்ரொட்டில் பொடியின் உள் இடம் ஒரு லீற்றரில் ஏழில், எட்டில் ஒரு பங்கு. அதாவது காற்று அந்தச் சூடான அலுமினியத்துக்குள் இருப்பது ஏறத்தாழ ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம். அதற்குள் எவ்வளவு சூடாகும்? சுடுகல்லுக்கு மேலால் கையை வேகமாக வீசிப் பாருங்கள். அதற்குப் பிறகு அதே காற்று என்ஜினோடு ஒட்டிய சூடான மெனிஃபோல்டுக்குள்ளால்தான் போகவேண்டும். சரி, மூன்று பாகை குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். மூன்று பாகைக்கு காற்றின் செறிவு நூற்றுக்கு ஒன்று கூடும். நமுனுகுல ஏற்றத்தில் அந்த ஒன்றைக் கால் உணராது.

பெற்றோல் மிச்சம் என்பது அதைவிட மோசமான கணக்கு. 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெற்றோல் என்ற விகிதத்தைக் கம்பியூட்டர் விடாமல் பார்த்துக்கொள்ளும். காற்று கூட உள்ளே வந்தால் பெற்றோலும் கூடத்தான் தெளிக்கும். செறிவான காற்றால் பவர் வரலாம், மிச்சம் எங்கிருந்து வரும்? இதைத் தாளில் எழுதி முடித்ததும் எங்களில் ஒருவர் பேனையை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை.

இனி அந்தத் தம்பியிடம் வருகிறோம்.

எங்களிடம் படித்தவர்தான். தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்கிறவர். ஓ.எல். எழுதிவிட்டு பதுளையில் ஒரு வயதான பாஸிடம் ஐந்து வருடம் கைவேலை பழகி, பிறகு பசறை வீதியில் நாலு தகரத்தைப் போட்டு சொந்தமாகத் தொடங்கியவர். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர். கணக்கில் நாற்பதைத் தாண்டியதில்லை. பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

2022 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவரிடம் போனோம். போனில் வீடியோவைக் காட்டினோம். முழுவதும் பார்த்தார். பிறகு எங்கள் காரின் பொனட்டைத் திறந்து, த்ரொட்டிலுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வேணாம் சேர். இந்த இஞ்சினுக்கு இது சரி வராது. உள்ளுக்க மெழுகு ஒன்னு இருக்கு."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இரும்புக்குள் மெழுகா?

உண்மையிலேயே மெழுகுதான். பழைய ஜப்பான் என்ஜின்கள் சிலவற்றில் த்ரொட்டிலோடு சேர்ந்து ஒரு சின்ன வால்வு இருக்கும். உள்ளே மெழுகு அடைத்த ஒரு சிமிழ். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு சுருங்கி வால்வு திறந்திருக்கும். அதனால் தட்டைச் சுற்றிக் கொஞ்சம் காற்று கூடப் போய், ஐடில் உயர்ந்து நிற்கும். கார் ஸ்டார்ட் செய்தவுடன் உறுமுவது அதனால்தான். சுடுதண்ணீர் வர வர மெழுகு உருகி விரிந்து வால்வை மூடும், ஐடில் 700, 800க்கு இறங்கும். அந்தச் சுடுதண்ணீர் வருவது நாங்கள் கழற்றச் சொன்ன அதே ஹோஸால். அதைக் கழற்றினால் மெழுகுக்கு என்ஜின் சூடேறியதே தெரியாது. எப்போதும் விடிகாலை என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

தம்பி இதை இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. "சூடு படாட்டி அது மூடாது சேர். ஐடில் ஏறி நிக்கும். பெற்றோல் கூடத்தான் குடிக்கும்" என்றார். எல்லாம் அதில் இருந்தது. நாங்கள் கேட்கவில்லை. நாற்பது புள்ளி எடுத்த பிள்ளை எங்களுக்கு விஞ்ஞானம் சொல்கிறதா என்று வாயால் சொல்லவில்லை. முகத்தில் இருந்திருக்கும். எங்களில் ஒருவர் சொன்ன வார்த்தை இது. யார் சொன்னது என்று கேட்காதீர்கள், மற்ற இருவரும் தலையாட்டினோம்:

"நீ செய் தம்பி. பொறுப்பு எங்கட."

செய்தார். ஹோஸ் இரண்டையும் பொருத்துவதற்குப் பித்தளைக் குழாய் வேண்டும் என்றார். அன்று கடையில் இல்லை. அடுத்த கிழமை வந்தால் போட்டுத் தருகிறேன் என்றார். எங்களுக்கு அவசரம். பக்கத்து ஹார்ட்வெயார் கடையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் ஜொயின்ட் ஒன்றை நாங்களே வாங்கி வந்து கொடுத்தோம். இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு, "இது தற்காலிகம் சேர், ஒரு கிழமைக்கு மேல வைக்க வேணாம்" என்றார். கூலி எடுக்கவில்லை. படிப்பித்த சேர்மார்தானே என்றார்.

ஒரு கிழமை அல்ல, மூன்று மாதம் வைத்திருந்தோம்.

ஐடில் அவர் சொன்னபடியே ஏறியது. ஏறி நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. உறுமி அடங்கி, உறுமி அடங்கி, மூச்சுத் திணறும் ஆள் மாதிரி ஆடியது. அதற்கும் காரணம் இருக்கிறது. எக்ஸிலேட்டரில் கால் இல்லாமலே சுற்றுவேகம் அளவுக்கு மேலே போனால், கார் பள்ளத்தில் உருளுகிறது என்று நினைத்து கம்பியூட்டர் பெற்றோலை வெட்டும். வேகம் விழுந்ததும் திரும்பக் கொடுக்கும். வெட்டும், கொடுக்கும். பெற்றோல் லீற்றருக்கு எட்டு ஓடத் தொடங்கியது. 20 லீற்றரில் வாரத்தை ஓட்டவேண்டிய நாட்கள் அவை. ஆனாலும் வெளியில் "பவர் வித்தியாசம் தெரியுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம். சிலர் எங்கள் பேச்சைக் கேட்டுத் தங்கள் வாகனத்திலும் செய்திருக்கக்கூடும். அப்படி யாராவது இருந்தால், இதை வாசித்ததும் ஹோஸைப் பழையபடி மாட்டுங்கள்.

ஒரு நாள் பின்னேரம் பாடசாலை விட்டு இறங்கி வரும்போது பிரேக் நாறியது. ஓட்டோ கியர் கார் இயல்பாகவே முன்னால் ஊரும். ஐடில் ஏறியிருந்தால் இன்னும் தள்ளும். என்ஜின் பிடித்து நிறுத்தவேண்டிய பாரத்தையெல்லாம் பிரேக் சுமந்தது. ஒரு வளைவில் பெடல் வழமையைவிடக் கீழே போனது. 2021 மார்ச் 20 காலையில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை நம் பகுதியில் யாரும் மறக்கவில்லை. ஒரு மதகுக்குப் பக்கத்தில் நிறுத்தி, டயருக்குக் கல் வைத்து, அரை மணித்தியாலம் இருந்தோம். மூவரும் கதைக்கவில்லை. அன்றைக்கே தம்பியிடம் போயிருக்கவேண்டும். போனால் "நான் சொன்னேன் தானே சேர்" என்று அவர் சொல்லமாட்டார். அது தெரிந்ததால்தான் போகக் கஷ்டமாக இருந்தது.

நவம்பரில் ஒரு காலை. நல்ல மூடுபனி. முதல் பாடம் முடிவதற்குள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விடும்போது விசில் சத்தம், உதடு வெளிறிப் போயிருந்தது. பிள்ளையின் பம்ப் வீட்டில், அம்மா மலையில். 1990க்கு அழைத்தோம். வருகிறோம் என்றார்கள். காத்திருக்காமல் நாங்களும் இறங்குவோம், வழியில் சந்திக்கலாம் என்று பிள்ளையைக் காரில் ஏற்றினோம். பசறை ஆஸ்பத்திரிதான் கிட்ட.

எங்களுக்குத் தெரியாதது, அன்று காலை ஏறும்போதே அந்தப் பிளாஸ்டிக் ஜொயின்ட் வெடித்துக் கசியத் தொடங்கியிருந்தது. வீட்டுத்தோட்டத்தில் பச்சைத் தண்ணீர் ஓட்டச் செய்த பொருள். 90 பாகை கூலன்டும் ரேடியேட்டர் மூடியின் அமுக்கமும் மூன்று மாதம் அதைச் சமைத்திருந்தன. மூடி அமுக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரை கூலன்ட் 120 பாகை அளவு வரைக்கும் கொதிக்காது. கசிவு வந்து அமுக்கம் போய்விட்டால், நமுனுகுல உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். மலையில் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும் என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிறோம்.

இறக்கத்தில் கார் அமைதியாகத்தான் வந்தது. சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. அதுவும் ஒரு பாடம். முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்ஸர் தண்ணீருக்குள் இருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் இறங்கி அந்த இடத்தில் ஆவியும் காற்றும் நின்றால், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் நல்லபிள்ளையாக நிற்கும். பசறைக்கு முன்னால் வரும் ஒரு சின்ன ஏற்றத்தில் பொனட்டுக்குள் இருந்து வெள்ளைப் புகை வந்தது. இரும்பு தட்டுவது மாதிரிச் சத்தம். கார் நின்றது.

முன்னாலும் பின்னாலும் வாகனம் இல்லை. பிள்ளை எங்களில் ஒருவரின் மடியில். மூச்சு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னத் தோள் மேலே ஏறியது. போனில் திரும்ப 1990க்கு இடத்தைச் சொன்னோம். எங்களில் ஒருவர் ஓதினார். ஒருவர் "முருகா" என்றார். மூன்றாமவர் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாக எண்ணி, எண்ணுக்கு ஏற்ப மூச்சு விடச் சொன்னார். கணக்குப் பாடம் மாதிரி. பிள்ளை எண்ணுக்கு மூச்சு விட்டது. இருபத்தைந்து நிமிடம். அம்புலன்ஸ் வந்தது. அந்தச் சிங்களத் தம்பிமார் இருவரும் வண்டி நிற்கமுன் கதவைத் திறந்து இறங்கினார்கள். அங்கேயே மாஸ்க் போட்டார்கள்.

பிள்ளை மறுநாள் வீட்டுக்குப் போய்விட்டது. இப்போது ஓ.எல்.லுக்குப் படிக்கிறது.

இனித்தான் நாங்கள் சொல்லவந்தது.

அன்று பின்னேரமே கதை பரவிவிட்டது. பிள்ளையின் அம்மா வந்தார், அதிபர் கேட்டார், பசறைக் கடைக்காரர்கள் கேட்டார்கள், பள்ளிவாசலிலும் கேட்டார்கள். காருக்கு என்ன நடந்தது? பொறுப்பு எங்களுடையது என்று சொல்லி மூன்று மாதம்தான். நாங்கள் சொன்ன பதில்: "கராஜ்ல ஒரு ஹோஸை மாத்திப் போட்டிருந்தாங்க. அது விட்டுட்டுது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. கராஜில்தான் மாற்றினது. ஹோஸ்தான் விட்டது. யார் மாற்றச் சொன்னது, யார் வேண்டாம் என்றது, பிளாஸ்டிக் ஜொயின்டை யார் வாங்கி வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. கேட்டவர்கள் மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. எந்தக் கராஜ் என்று கேட்டபோது இடத்தையும் சொன்னோம்.

ஹெட் வளைந்து, கெஸ்கட் எரிந்திருந்தது. காரை அந்தத் தம்பியிடம் கொண்டுபோக முகம் இல்லாமல் பதுளையில் வேறொரு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். இரண்டு மாதச் சம்பளம் போனது. அங்கிருந்த வயதான சிங்கள பாஸ், வெடித்த ஜொயின்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இதை ஒரு பாஸ் வாங்கியிருக்கமாட்டான் என்றார். கிளிப் போட்ட கை நல்ல கை, சாமான் வாங்கினது வேறு ஆள் என்றார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் ஜொயின்டைப் பார்த்தோம். த்ரொட்டில் ஹோஸைப் பழையபடி மாட்டி, மெழுகு வால்வைக் கழுவிக் கொடுத்தார். ஐடில் முதல் நாளே 750இல் வந்து நின்றது.

அந்த ஆளிடம் மறைக்க முடியாததை ஊரிடம் மூன்று வருடம் மறைத்திருக்கிறோம். இதற்கிடையில் தோட்டத்து லொறிக்காரர் இருவர் தம்பியிடம் போவதை நிறுத்திவிட்டார்கள். பாடசாலை வேன் ஒன்றும் நின்றது. பிள்ளைகளை ஏற்றும் வண்டி, பெற்றோர் பயந்திருப்பார்கள், அது நியாயம்தான். வேறு இடங்களில் செய்த பிழைகளும் அவர் பெயரில் சேர்ந்துகொண்டதாகக் கேள்விப்பட்டோம். ஒரு தடவைகூட அவர் யாரிடமும் "அவங்கதான் செய்யச் சொன்னாங்க" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் காதுக்கு வந்திருக்கும். பெருநாளைக்கு வீதியில் கண்டால் "ஈத் முபாரக் சேர்" என்று கையைக் கொடுப்பார். நாங்களும் கொடுப்போம்.

வெள்ளிக்கிழமை கடையில் அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு, சனிக்கிழமை காலை மூவரும் போனோம். மேட்டில் ஏற்றிய த்ரீவீலர் ஒன்றுக்குக் கீழே படுத்திருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சொல்லவேண்டியதைச் சொன்னோம். நீளமாகச் சொல்ல நினைத்திருந்தோம், வரவில்லை. அவர் கேட்டுவிட்டு, "பிள்ளை நல்லா இருக்கு தானே சேர்" என்றார். அந்தப் பிள்ளை அவருடைய லயத்துக்கு மேல் லயம் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அந்த அம்மாவும் இவருடைய அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள். மூன்று வருடமாக அந்த இரண்டு அம்மாமாரும் சரியாகக் கதைப்பதில்லையாம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதால் சொன்னார்.

முகநூலில் எழுதப்போகிறோம் என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "என்ட பெயர் வேணாம் சேர். ஹோஸ் கதையை எழுதுங்க. இன்னமும் ஆக்கள் அதைச் செய்யச் சொல்லி வாறாங்க" என்றார். ஆகவே அவர் சொன்னதையே எழுதுகிறோம்.

பழைய கார் என்றால் த்ரொட்டிலுக்குக் கீழே மெழுகு வால்வு இருக்கலாம், ஹோஸில் கை வைக்கவேண்டாம். புதிய கார்கள், ஹைப்ரிட் எல்லாம் மோட்டார் வைத்த த்ரொட்டில். அவற்றில் பைபாஸ் செய்தால் ஐடில் இப்படி ஆடாது, ஆனால் இலாபமும் ஒன்றும் இல்லை. ஹோஸை வெட்டி ஒட்டுகிற ஒவ்வொரு இடமும் இன்னொரு கசிவுக்கு வழி. த்ரொட்டில் ஹோஸ் வெடித்துக் கசிந்தால் அதே அளவுப் புது ஹோஸைப் போடுங்கள், பெரிய விலை இல்லை. கட்டாயம் பொருத்தத்தான் வேண்டும் என்றால் பித்தளை. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் போத்தலைப் பாருங்கள். முள்ளை மட்டும் நம்பவேண்டாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டாம். இது அவர் இரண்டு தடவை சொன்னது. பெற்றோல் மிச்சம் பிடிக்க என்ன செய்யலாம் என்றும் கேட்டோம். "டயருக்குக் காத்து, எயார் ஃபில்டர், பிளக்" என்றார். வீடியோ செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

போகும்போது எங்கள் காரின் பொனட்டைத் தானாகவே திறந்தார். த்ரொட்டில் ஹோஸில் ஒரு கிளிப் துருப்பிடித்திருந்தது. மாற்றினார். இந்தத் தடவை கிளிப்புக்கும் கூலிக்கும் சேர்த்துக் காசு கேட்டார். கொடுத்தோம்.

அந்த லொறிக்காரர் இருவரையும், பாடசாலை வேன்காரரையும் நாங்கள் இன்னும் நேரில் கண்டு பேசவில்லை. இரண்டு அம்மாமாரிடமும் போகவேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மேலே போகிறோம், இன்ஷா அல்லாஹ். பஸ்ஸில்தான் போகிறோம், காரை வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.